புலிக்கு அஞ்சுவோம், சுருக்குக்கு இணங்கோம்

சென்ற மாதம் காட்டோர நிரைக்குப் பால் வெட்டப் போன தோழர்கள் மூவர், ஈர மண்ணில் புலியின் அடித்தடம் கண்டு வெறும் வாளியோடு திரும்பினார்கள். செக்ரோலில் அவர்கள் பெயருக்கெதிரே ‘வரவில்லை’ என்று பதியும்படி கிராணியாகிய எனக்கு உத்தரவாயிற்று. பதிந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவர்கள் பயந்தது தவறா? 2023-ஆம் ஆண்டில் கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் புலியால் மனித உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை. ஆனால் அன்று மாலையே லயத்தில் ஒரு பேச்சு எழுந்தது: "நாலு இடத்தில் கம்பிச் சுருக்கு வைத்தால் தொல்லை தீர்ந்தது." இதைத்தான் நான் மறுக்கிறேன்.

தோழர்களே, 1950-களில் இந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தனவென்று மதிப்பிடுகிறார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவென்று தெரிந்தது. காடு சுருங்கிற்று, எஞ்சிய காட்டிலும் சுருக்குக் கம்பி மலிந்தது. சுருக்கு ஆள் பார்ப்பதில்லை. பன்றிக்கு வைத்தது மானையும் பிடிக்கும், புலியையும் பிடிக்கும். இரை அற்றுப்போனால் பசித்த புலி எங்கே வரும்? மாட்டுக் கொட்டகைக்கும் நம் நிரைக்கும்தான். கம்பி அறுத்துக் காலூனமான புலியோ ஓடும் மானைப் பிடிக்க மாட்டாது; அதனால் இன்னும் பொல்லாததாகும். ஆகவே சுருக்கு வைப்பவன் புலியை விரட்டவில்லை, அழைக்கிறான்.

சுருக்கு வைத்திருப்பதே 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அகப்படுபவன் லயத்துக்காரன், தோலையும் எலும்பையும் விற்றுப் பணம் பார்ப்பவன் வேறொருவன். அவனுக்காக நாம் ஏன் சிறை போக வேண்டும்?

நம் கோரிக்கையை நிர்வாகத்தின் முன் வைப்போம். தடம் கண்ட நிரையில் அன்று வெட்டு இல்லை. நாட்சம்பளத்திலும் குறைவு இல்லை. விடியுமுன் காட்டோரத்தில் எவரையும் தனியாக அனுப்பக் கூடாது. ஓரப் புதர்களை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். வனவிலங்கு இலாகாவுக்கு அன்றே தகவல் போக வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உயிருக்குரிய உரிமைகள்.

நம் பங்குக்கு, லயத்தில் ஒரு சுருக்குக் கம்பியும் இராதபடி நாமே பார்த்துக்கொள்வோம். அடுத்த முறை தடம் கண்டு திரும்புவோர் பெயருக்கெதிரே ‘வந்தார்’ என்றே என் பேனா எழுத வேண்டும். அதற்குச் சங்கம் துணை நிற்கட்டும்.