கிட்னி கொடுத்த தாயின் கூலி எங்கே?

மகனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் படுத்து இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறான். பார்த்த வேலையும் போயிற்று. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்து எழலாம் என்கிறார் டாக்டர். "என்னுடையதை எடுத்துக்குங்க, ஐயா" என்கிறாள் தாய். கட்டட வேலையில் சித்தாளாகச் செங்கல் சுமக்கிறவள் அவள்.

இப்படிப்பட்ட தாய்மார்கள் நமது நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுடைய அன்பைப் புகழ்ந்து பேச மேடையில் ஆள் உண்டு. மாலை போடவும் ஆள் உண்டு. நாம் கேட்பது வேறு கேள்வி. ஆபரேஷன் முடிந்து அவள் வீட்டில் படுத்திருக்கும் நாட்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

முதலில் ஒரு பயத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். "ஒரு கிட்னியைக் கொடுத்தால் ஆள் முடிந்தான்" என்ற பேச்சு நமது ஜனங்களிடையே வேரூன்றிக் கிடக்கிறது. உண்மை அப்படியல்ல. நல்ல ஆரோக்கியமுள்ளவர் ஒன்றைக் கொடுத்தால், மிஞ்சியிருக்கும் சிறுநீரகம் சற்றே பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தைத் தானே செய்துவிடுகிறது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார். டாக்டர் ஜோசப் மர்ரே செய்த அந்த ஆபரேஷன்தான் முதல் வெற்றி. அதற்கு 21 ஆண்டுகள் முன்பே, 1933-ல், சோவியத் உக்ரைனின் கெர்சான் நகரில் டாக்டர் யூரி வொரனோய், இறந்தவரின் சிறுநீரகத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ரத்த வகை பொருந்தாமல் நோயாளி இரண்டு நாளில் இறந்தார் என்றாலும், வழி திறந்தவர் அவர். நமது வேலூரில் 1971-ல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை வெற்றி கண்டது.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கொடுத்த 80,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ஆபரேஷன் நடந்து 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்குச் சுமார் மூன்று பேர். அந்நாட்டின் இன்னொரு கணக்கு: பிற்காலத்தில் தமக்கே சிறுநீரகம் செயலிழக்கும் நிலை, கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்குச் சுமார் 90 பேருக்கு வரலாம், அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் சுமார் 14 பேருக்குத்தான். ஆபத்து சிறிதுதான், ஆனால் இருக்கிறது. ஆகவேதான் சர்க்கரை வியாதி உள்ளவரை டாக்டர்கள் தள்ளுகிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று மாதக்கணக்கில் அலைய வைக்கிறார்கள். அலைய வைப்பது சரியே. ஆனால் ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி! பஸ் சத்தம் வேறு.

ஆபரேஷனுக்குப் பிறகு நாலைந்து நாள் ஆஸ்பத்திரி. பிறகு ஒன்றரை மாதம் கனமான எதையும் தூக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம். செங்கல் சுமக்கிறவள்? அவளுக்கு நாற்காலி ஏது! அதன்பின் ஆயுள் முழுதும் ஆண்டுக்கொரு முறை சோதனை. உடல்வலி மாத்திரைகள் பல, மிஞ்சியிருக்கிற சிறுநீரகத்துக்கு ஆகாது. பகலெல்லாம் வெயிலில் சுமை தூக்கிவிட்டு, இரவு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் எத்தனை பேர் என்பது நமது தோழர்களுக்குத் தெரியாததா?

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நமது நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். "சம்பாதிக்கிற ஆம்பளை படுத்தால் குடும்பம் என்னாவது?" என்பது வீடுதோறும் கேட்கும் நியாயம். அவள் வாங்கும் கூலியைக் குடும்பமே கூலியாகக் கணக்கில் வைப்பதில்லை. கொடுப்பவர் பெண்ணானால் அதிக எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயேச்சையான சம்மதத்தைப் பெறுபவரல்லாத வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று 2014-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. மாமியாரும் மைத்துனரும் வாசலில் நிற்க, உள்ளே இருப்பவள் என்ன சொல்லுவாள் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

"காசு கொடுத்து வாங்க அனுமதித்துவிட்டால் எல்லாம் சரியாகும்" என்று உபதேசிக்கும் பண்டிதர்களும் உண்டு. அவர்களுக்குச் சென்னையே பதில் சொல்லிவிட்டது. ஒரு காலத்தில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்றே பெயர்! 2001-ல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்து ஓர் ஆய்வு வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றவர்கள். கடனுக்காக விற்றவர்களில் நாலில் மூன்று பேர் விசாரித்த அன்றும் கடனாளிகளே! குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நலம் கெட்டது என்று 86 சதவீதம் பேர் சொன்னார்கள். தரகன் பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்தது வேறு.

அது பழங்கதை என்று நினைத்தோம். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து செய்தி வந்தது: கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் தரகர்களிடம் சிக்கிச் சிறுநீரகத்தை விற்றிருக்கிறார்கள். சர்க்கார் விசாரணை நடந்தது. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் மாற்று சிகிச்சை அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை புலனாய்வுக் குழு அமைத்தது. தரகனுக்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம் என்று 2011-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. சிறைக்கு அனுப்பட்டும், வேண்டாமென்பாரில்லை. ஆனால் தறிக்காரனைத் தரகனிடம் தள்ளிய கடனை எந்தச் சிறையில் அடைப்பது?

இனி நாம் சொல்ல வந்த விஷயம். 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் சிறுநீரகத்துக்கு விலை கொடுப்பதைத் தடுக்கிறது. முற்றிலும் சரி. ஆனால் 'விலை' என்றால் என்ன என்று அதே சட்டம் விளக்கும் இடத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். உறுப்பு கொடுப்பதனால் நேரடியாக ஏற்படும் செலவையும் வருமான இழப்பையும் ஈடு செய்வது விலை ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது! முப்பதாண்டுகளாக அந்த வரி சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது.

தூங்காத இடமும் உண்டு. உறுப்பு கொடுக்கும் மத்திய சர்க்கார் ஊழியருக்கு 42 நாள் வரை விசேஷ லீவு உண்டு என்று 2023-ல் உத்தரவு வந்தது. சம்பளத்தோடு லீவு. வரவேற்கிறோம். 42 நாள் ஓய்வு தேவை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டதல்லவா? அலுவலகக் குமாஸ்தாவின் உடம்பும் சித்தாளின் உடம்பும் ஒரே உடம்புதானே? தையல் ஆறுவதற்கு ஒரே காலம்தானே?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மாற்றுச் சிகிச்சையின் செலவை ஏற்கிறது. அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. கொடுத்தவளின் கூலிதான் கணக்கில் விட்டுப்போயிற்று. கட்டடத் தொழிலாளருக்கு நல வாரியம் இருக்கிறது. விசைத்தறிக்கும் வாரியம் இருக்கிறது. அவற்றின் வழியாக 42 நாள் கூலியை, சோதனைக்கு அலைந்த நாட்களின் கூலியோடும் பஸ் செலவோடும் சேர்த்துக் கொடுக்கத் தடை என்ன? "போலிகள் புகுந்துவிடுவார்கள்" என்பார்கள். உறவினரல்லாதவர் கொடுக்க முன்வந்தால் அனுமதிக் குழு இரு தரப்பின் வருமானத்தையும் துருவிப் பார்க்கிறதே, வியாபாரம் நடக்கிறதா என்று? துருவத் தெரிந்த கைகளுக்கு, தாயின் கூலியைக் கணக்கிடத் தெரியாதா? பணம் ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து வந்தால் பிரயோஜனமில்லை. பாதித் தொகையாவது அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கைக்கு வர வேண்டும். ஆண்டுச் சோதனை அவள் வசிக்கும் ஊருக்கு அருகிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக நடக்க வேண்டும். வாரியக் கூட்டங்களில் உட்காரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.