சுவர் வளர்ந்தால் நிலை என்ன செய்யும்?

பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வைபவம் இப்போது தெருவுக்குத் தெரு நடந்து வருகிறது. பாட்டனார் கட்டிய வீட்டில் காரை உதிர்ந்த சுவர்களுக்குப் புதிதாகச் சிமெண்டுப் பூச்சுப் பூசுகிறார்கள். ஸ்நான அறையில் ஆள் உயரத்துக்கு மேல் டைல் ஒட்டுகிறார்கள். எல்லாம் முடிந்து, கொத்தனார் சாரத்தை அவிழ்த்துக்கொண்டு போன மறுநாள்தான் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். உள் அறைக் கதவுகளின் நிலைகள் சுவருக்குள்ளே அமுங்கிக் கிடக்கின்றன! நிலை இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. சுவர்தான் வளர்ந்துவிட்டது. மரத்தின் விளிம்புக்கும் சுவரின் முகத்துக்கும் நடுவே முக்கால் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ பள்ளம். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் பல்லுப் பல்லாய்ச் சிமெண்டு.

வீட்டுக்காரர் விசாரிக்கிறார். கொத்தனார், "இது ஆசாரி வேலை, ஐயா" என்கிறார். ஆசாரியோ, "பூச்சுக் கனத்தை முன்னாடியே சொல்லியிருந்தால் அல்லவோ, ஐயா?" என்று தலையைச் சொறிகிறார். இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தில் மட்டும் ஏகமனதாக அபிப்பிராயம் சொல்வார்கள்: பழைய நிலையைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிய நிலை வைத்துவிடலாம் என்பதுதான் அது. வீட்டு அம்மாள் அந்த நிலையின் மேல் ஒவ்வொரு விசேஷத்துக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தவர். அவர் வாயைத் திறப்பதற்குள் கடப்பாரை வந்துவிடும்.

கடப்பாரை எடுக்கும் முன் ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நிலை என்பது சுவரில் சாத்தி வைத்த பொருள் அன்று. ஒவ்வொரு நிலைக்காலிலும் பெரும்பாலும் மூன்று இரும்புப் பற்றுகள் அடித்து, அவற்றைச் சுவருக்குள் கலவையில் புதைத்திருப்பார்கள். நிலையைப் பெயர்ப்பதென்றால் அந்த ஆறு இடங்களிலும் செங்கல்லை உடைக்க வேண்டும். புதுப் பூச்சும் போகும், டைலும் போகும், நிலையின் அடி தரைக்குள் இறங்கியிருந்தால் தரையும் போகும். மிகப் பழைய வீடுகளில் நிலைக்கு மேலே உள்ள கட்டுமானத்தின் பாரத்தில் ஒரு பங்கை நிலையின் மேற்சட்டமே தாங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. அதை முட்டுக் கொடுக்காமல் உருவினால் என்ன ஆகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

மரத்தின் பெறுமானத்தையும் யோசிக்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில், முக்கியமாகச் செட்டிநாட்டு வீடுகளில், பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு நிற்கிறது. அந்தத் தேசம், இன்று மியான்மர் என்று வழங்குவது, உருட்டுக் கட்டைகளாக மரத்தை ஏற்றுமதி செய்வதை 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தடை செய்தது. தலைமுறை தலைமுறையாய்க் காய்ந்து, அசைய வேண்டிய மட்டும் அசைந்து அடங்கிவிட்ட கட்டையை விறகுக் கடைக்கு அனுப்பிவிட்டு, நேற்று அறுத்த பச்சை மரத்தை அதன் இடத்தில் வைப்பது என்ன புத்திசாலித்தனமோ தெரியவில்லை! நான்கு விரற்கடை அகலமுள்ள ஒரு பட்டையை ஒட்டினால் தீரக்கூடிய குறைக்கு இவ்வளவு பெரிய தண்டனை தேவையில்லை என்பது நமது துணிபு.

இந்தக் குறை பழைய வீட்டில் மட்டும் வருவதாக எண்ண வேண்டாம். புது வீட்டிலும் வரும். கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். அளவில் மெட்ரிக் முறைக்கு 1956-லேயே சட்டம் செய்தாயிற்று. எனினும் ஆசாரியின் நாவில் இன்றும் வழங்குவது அங்குலமும் நூலுந்தான். எட்டு நூல் ஓர் அங்குலம். ஆகவே நாமும் அவர் பாஷையிலேயே பேசுவோம். நம் பக்கத்துச் செங்கல்லின் அகலம் ஏறக்குறைய 4½ அங்குலம். அறைக்கு அறை தடுக்கும் சுவரை ஒற்றைச் செங்கல் அகலத்தில் எழுப்பி, இரு முகத்திலும் அரை அங்குலம் பூசினால் சுவரின் கனம் 5½ அங்குலம் ஆகிறது. கடையில் கிடைக்கும் நிலைச் சட்டமோ நாலுக்கு இரண்டரை. கொஞ்சம் தாராளமானவர்களுக்கு ஐந்துக்கு மூன்று. அந்த ஐந்தும் இழைப்புளியின் வாயில் புகுந்து வெளியே வரும்போது நாலே முக்கால்தான். ஆக, எந்த நிலை வைத்தாலும் முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை குறையத்தான் செய்யும். ஸ்நான அறைப் பக்கம் டைலும் அதன் அடியில் கலவையும் சேர்ந்தால், மேலும் ஆறேழு நூல் கூடும்.

இந்தப் பள்ளத்தைக் கொத்தனார் தம் வழியில் தீர்க்க முன்வருவார். கொஞ்சம் கலவையைக் குழைத்து மரத்தின் மேலேயே சாய்வாகப் பூசி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, "பாருங்கள் ஐயா, எவ்வளவு லட்சணம்!" என்பார். அன்றைக்கு லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் மரம் மழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். கத்திரி வெயிலில் சுருங்கும். சிமெண்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டும் கைகோத்து நிற்கும் இடத்தில் ஐப்பசி, கார்த்திகை கழிந்து அடுத்த சித்திரை வருவதற்குள் மயிரிழை போல் ஒரு வெடிப்பு ஓடும். கதவை ஓங்கிச் சாத்தும் குழந்தைகள் உள்ள வீடானால் அவ்வளவு நாளும் தேவையில்லை. முதலில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு வெடிப்பின் வழியே கறையான் நிலையின் முதுகுப் பக்கத்தை அடைகிறது. முன் பக்கம் பெயிண்ட் மினுமினுக்க, பின் பக்கம் மண்ணாய்ப் போன நிலைகளை நாம் கண்டிருக்கிறோம். விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும்.

ஆகவே மரத்தோடு மரத்தைத்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும் மரத்தை ஒட்டுப் பட்டை என்று சொல்லிக்கொள்வோம்.

முதற் காரியம் அளவு எடுப்பது. இங்கேதான் அவசரம் கூடாது. ஓர் இடத்தில் அளந்துவிட்டு மூன்று பக்கத்துக்கும் அதே அகலத்தில் பட்டை அறுத்துக்கொண்டு வந்தால், அந்தப் பட்டை சர்வ நிச்சயமாகப் பொருந்தாது. தூக்குக் குண்டுக்குச் சுவர் காட்டும் மரியாதை வேறு. நிலை காட்டும் மரியாதை வேறு. ஒரே நிலைக்காலின் தலையில் ஆறு நூல் குறையும், இடுப்பில் ஏழு, அடியில் பத்து. இரண்டு நிலைக்கால்களிலும் மும்மூன்று இடம், மேற்சட்டத்தில் மூன்று இடம், ஆக ஒன்பது அளவுகளை அந்தந்த இடத்தில் சுவரிலேயே பென்சிலால் குறித்துவிடச் சொல்லுங்கள். ஒன்பதிலும் பெரிய அளவுக்கு அரை நூல் கூடுதலாகப் பட்டையை அறுத்து, இடத்தில் வைத்துப் பார்த்து, சுவரின் போக்கைப் பட்டையின் மேல் கோடாக இழுத்துக்கொண்டு, அந்தக் கோடு வரை இழைக்க வேண்டும். நல்ல ஆசாரி இதைச் சொல்லாமலே செய்வார். மற்றவருக்குச் சொன்னால்தான் கோபம் வரும். ஆனாலும் சொல்லிவிடுவதே உசிதம்.

அடுத்தது, எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்ற கேள்வி. கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ அந்தப் பக்கத்தில் நிலையும் சுவரும் ஒரே மட்டமாக இருப்பதுதான் முறை. அப்படி இருந்தால் கதவு முழுவதும் திரும்பிச் சுவரோடு ஒட்டி நிற்கும். குறை மறுபக்கத்தில் இருந்தால் வேலை எளிது. பட்டையை ஒட்டிவிட்டுக் காப்பி சாப்பிடப் போகலாம். கதவு திறக்கும் பக்கத்திலேயே குறை இருந்தால்தான் சங்கடம். பட்டையைக் காடியின் விளிம்பு வரை கொண்டுபோனால் கீலின் முட்டி அதில் இடிக்கும். அதைத் தள்ளி வைத்தாலும், கதவு செங்கோணத்துக்குச் சற்று மேல் திறந்ததும் பட்டையின் முனையில் போய் முட்டும். முட்டிய கதவை யாராவது அறியாமல் அழுத்தினால், கதவே நெம்புகோலாகிக் கீலின் திருகாணிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிவிடும். முட்டியது என்னவோ பட்டை, பழுதாவது கீல். ஆதலால் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வெகுநாள் ஆகிறது.

இதற்கும் பரிகாரம் இருக்கிறது. இறக்கைகள் நீண்டு, முட்டி வெளியே துருத்தி நிற்கும் ஒருவகைக் கீல் இரும்புக் கடைகளில் விற்கிறது. கதவைச் சுவரின் முகத்தைத் தாண்டிக் கொண்டுபோய் முழுவதும் மடக்கி வைக்கும். அதற்குப் பெயர் பார்லிமெண்ட் கீல். பெயரைக் கேட்டு, வேலை இழுபறியாகும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். கதவைத் திறந்து வைப்பதுதான் அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. துருத்தும் நீளம் பட்டையின் கனத்துக்குப் போதுமா என்று அளந்து வாங்குவது மட்டும் முக்கியம்.

இனி ஒட்டும் விதம். பழைய நிலையின் விளிம்பில் உள்ள பெயிண்ட், மெழுகு, அழுக்கு அத்தனையும் சுரண்டி வெறும் மரத்தைக் காண வேண்டும். தேக்கு இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ள மரம். சாராயச் சத்துள்ள திரவத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே பசை தடவினால்தான் பிடிக்கும். முற்காலத்தில் வச்சிரம் காய்ச்சினார்கள்; இப்போது டப்பாவில் வெள்ளைப் பசை வருகிறது; எதுவானாலும் ஈரச் சுவர் அதற்குப் பகை. பசையை மட்டும் நம்பாமல், முன்கூட்டியே துளையிட்டு, முழத்துக்கு ஒரு திருகாணி வீதம் முடுக்க வேண்டும். துளையிடாமல் பட்டையில் ஆணி அறைந்தால் அது நுனி வரை பிளக்கும். பட்டை இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமானால் விளிம்பு வழியாக முடுக்குவது நிற்காது. அப்போது மூன்று பலகைகளையும் தரையிலேயே வாசல் போலக் கூட்டி, அப்படியே தூக்கி நுழைத்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே சிறு ஆப்புகள் வைத்து நேர் பார்த்து இறுக்குவார்கள். சுவரைப் பார்த்த பக்கத்துக்கு முன்னதாகவே தாரோ கறையான் மருந்தோ பூசியிருக்க வேண்டும். பூட்டிய பிறகு அந்தப் பக்கம் யார் கைக்கும் எட்டாது.

இதற்கெல்லாம் மேலாக நேயர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பெரும்பாலான வீட்டுக்காரர்கள், "ஒட்டு வெளியே தெரியக்கூடாது" என்று உத்தரவு போடுகிறார்கள். ஆசாரியும் பட்டையையும் நிலையையும் ஒரே மட்டமாக இழைத்து, இடுக்கில் மக்கு வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கண்ணாடி போல் ஒப்படைக்கிறார். மரம் குறுக்கு வாட்டில்தான் சுருங்கி விரியும் என்பதைச் சொன்னோம் அல்லவா? பழைய மரமும் புது மரமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆறு மாதத்தில் அந்த மக்குக் கோடு பிளந்து, மறைக்க நினைத்த ஒட்டே முதலில் கண்ணில் படும். ஆகையால் மறைக்கவே முயலக் கூடாது. பட்டையை நிலையின் முகத்திலிருந்து ஒரு நூலோ இரண்டு நூலோ உள்வாங்கி, வேண்டுமென்றே ஒரு படியாக வைக்கச் சொல்லுங்கள். அந்தப் படியின் நிழலில் வெடிப்பு ஒளிந்துகொள்ளும். பார்ப்பவர்கள் அதை வேலைப்பாடு என்றே எண்ணுவார்கள்.

அதே போல், பட்டையும் பூச்சும் சந்திக்கும் இடத்தில் இரண்டங்குலச் சட்டம் ஒன்றை மூன்று பக்கமும் ஓட்டிவிட்டால், கொத்தனாரின் பல்வரிசை மறைந்துபோகும். அந்தச் சட்டத்தை மரத்தோடு மட்டும் முடுக்க வேண்டும். சுவரோடும் சேர்த்து ஆணி அடித்தால் பழைய சண்டை மறுபடி ஆரம்பமாகும்.

எல்லா நிலைக்கும் இந்த வைத்தியம் வேண்டுமா என்றால், வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவரில் பூச்சோடு பத்து அங்குலம் ஆகிறது. அங்கே நிலையை ஒரு முகத்தோடு சேர்த்து வைத்து, மீதி ஐந்து அங்குலத்தைப் பூச்சாகவே விட்டிருப்பார்கள். அது குறையல்ல. அதை முழுவதும் பலகையால் மூடுவது ஆடம்பரமே தவிர அவசியமல்ல என்பது நம் கட்சி. இரண்டடிக் கனமுள்ள பழைய மண் சுவர்களில் முன்னோர்கள் நிலையை ஓரமாக வைத்தார்கள். இரட்டைக் கதவைத் திறந்தால் இரண்டும் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒடுங்கி நின்றுவிடும். அந்த இடத்தில் பலகை அடைத்தால், இருந்த சௌகரியமும் போய்விடும்.

ஸ்நான அறை விஷயத்தில் இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். அங்கே பட்டையின் அடி நுனி தரையைத் தொடவே கூடாது. இரண்டு நூல் உயர்த்தி நிறுத்தி, அடி நுனிக்கும் இருமுறை பெயிண்ட் கொடுக்க வேண்டும். தண்ணீரை மரம் முதலில் குடிப்பது அறுத்த நுனி வழியாகத்தான். எப்போதும் ஈரம் நிற்கும் அறையானால், அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கருங்கல் துண்டைப் பதித்து, அதற்கு மேல் மரத்தை ஆரம்பிக்கலாம். சுவருக்குப் புதிதாகப் பூசியிருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது உலர விட்டு, அதன் பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். அதுவரை பட்டைக்கு வாங்கிய மரத்தை அந்த அறையிலேயே, கட்டையின் மேல் கட்டையாக இடைவெளி விட்டு அடுக்கி வைத்தால், மரமும் வீட்டின் காற்றுக்குப் பழகியிருக்கும்.