கிணற்றுச் சுவரில் கப்பிலேர்

புதுச்சேரியில் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதல் வேலையாகக் கிணற்றுச் சுவரைச் சுரண்டி சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அங்கே தொங்கிக்கொண்டிருந்த பெரணிச் செடியும் அதோடு போகிறது. பிறகு தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதன் பங்காளியை நர்சரியில் காசு கொடுத்து வாங்கி, ஏ.சி. காற்றுக்கு நேராக வைத்து, அது கருகியதும் "மலைச் செடி சார், நம்ம ஊருக்கு வராது" என்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் சொல்வது கறுத்த கம்பி போன்ற காம்பும், கொத்தமல்லி போன்ற மெல்லிய இலையும் உள்ள செடி. பள்ளியில் சியான்ஸ் நத்துரேல் வகுப்பில் இதைக் கப்பிலேர் என்று படித்தோம். கப்பிலேர் என்றால் தலைமுடி போன்றது. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு மெய்டன்ஹேர். 1753-இல் லின்னேயஸ் வைத்த பெயருக்கும் வீனஸின் கூந்தல் என்றுதான் பொருள். பிரான்சில் இதைப் போட்டு இருமலுக்கு சிரோ காய்ச்சினார்கள்.

தண்ணீர் தெளித்தால் இலையில் ஒட்டாமல் முத்தாக உருண்டு விழும். வேர் காய்ந்தாலோ ஒரே நாளில் சுருண்டுவிடும். நிழல், ஈரக் காற்று, கொஞ்சம் சுண்ணாம்பு, இவ்வளவுதான் அது கேட்பது. பழைய காரைச் சுவர் இந்த மூன்றையும் கொடுத்தது. வழுவழுப்பான சிமெண்டில் வேர் எதைப் பிடிக்கும்?

சுவரைப் பிளந்துவிடும் என்று கொத்தனார்கள் பயமுறுத்துகிறார்கள். பிளப்பது அரசங்கன்றும் ஆலங்கன்றும். அவற்றைப் பிடுங்குங்கள், நானும் கை கொடுக்கிறேன். இதன் வேர் நூல் மாதிரி.

எங்கள் பூர்வீக வீடு பாகம் பிரிந்தபோது கிணற்றை மூடினார்கள். மூடுவதற்கு முன் ஒரு செங்கலோடு பெயர்த்து வந்த செடி இன்றும் என் பின்கட்டில் இருக்கிறது. மண்தொட்டியின் அடியில் செங்கல் துண்டு, மேலே மக்கிய இலையும் மணலும், இடித்த பழைய காரை ஒரு கைப்பிடி. யூரியா கூடவே கூடாது. தினம் மண்ணை மட்டும் நனைப்பேன், ஆனால் தண்ணீர் தேங்க விடமாட்டேன். அடியில் ஈரக் கூழாங்கல் போட்ட தட்டு.

கத்திரி வெயிலில் இலையெல்லாம் கருகும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அடியோடு கத்தரித்துவிட்டு ஈரத்தை மட்டும் விடாமல் காப்பாற்றினால் நாய்வால் போலச் சுருண்ட துளிர் வரும்.

பொறுமை உள்ளவர்கள் விதைத்தும் பார்க்கலாம். விதை கிடையாது, இலை ஓரம் மடிந்த இடத்தில் இருக்கும் பழுப்புத் தூள்தான். ஈரச் செங்கலில் தூவிக் கண்ணாடியால் மூடினால் முதலில் சின்னஞ்சிறு பச்சைத் தகடுதான் தெரியும், இதய வடிவில். செடியாக மாதக் கணக்கில் ஆகும். நம்மைப் போன்ற ரெத்ரெத்தேகளுக்கு என்ன அவசரம்?

ஐப்பசி மழை பிடித்ததும் என் தொட்டியைப் பிரிக்கப் போகிறேன். கிணறு வைத்திருப்பவர்கள் கேட்டால் முதலில் அவர்களுக்குத்தான் தருவேன், செங்கல் துண்டோடு.