அடைத்த பல் எத்தனை ஆண்டு தாங்கும்?

சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ள வருவோர் எங்களிடம் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். அடைப்பு பல்லின் நிறத்தில் இருக்குமா? எவ்வளவு செலவாகும்? இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்பது எங்கள் கருத்து: அது எத்தனை ஆண்டு தாங்கும்?

ஒவ்வொரு முறை அடைப்பைப் பெயர்த்து மாற்றும்போதும் நல்ல பல்லிலும் சிறிது போய்விடுகிறது. குழி பெரிதாகிறது; பல்லின் சுவர் மெலிகிறது. அடுத்து வேர்ச் சிகிச்சை, பிறகு உறை, இறுதியில் பல்லையே எடுத்தல் என்று அந்த வழி நீளக்கூடும்.

பல்நிற அடைப்பு தானாகப் பல்லைப் பற்றிக்கொள்வதில்லை. இடையிலுள்ள மெல்லிய பசைப் படலமே அதைத் தாங்குகிறது. பல்லின் மேற்பரப்பான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்பதை மைக்கேல் புவனகோர் 1955இல் காட்டினார். எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். அங்கே பிடிப்பு நன்றாக நிற்கிறது. அதன் அடியிலுள்ள டென்டினோ நீரும் கொலாஜன் நாரும் கலந்த ஈரமான பகுதி. சிக்கல் அங்கேதான்.

பசையின் அடிப்படை மோனோமர் எனப்படும் சிறு மூலக்கூறுகள். நீல ஒளி பட்டதும் அவை சங்கிலிபோல் கோத்துக்கொண்டு இறுகுகின்றன. ஈரமான டென்டினுக்குள் புகுவதற்கு, ஹெமா போன்ற நீரை விரும்பும் மோனோமர்கள் சேர்க்கப்படுகின்றன. உள்ளே செல்ல உதவிய அந்தக் குணமே பின்னர் கேடாகிறது: இறுகிய பிறகும் பசை நீரை உறிஞ்சுகிறது. அதன் எஸ்டர் பிணைப்புகளை நீரும் உமிழ்நீரிலுள்ள நொதிகளும் மெல்ல மெல்ல அறுக்கின்றன. டென்டினில் உறங்கிக் கிடந்த நொதிகள் அமிலம் பட்டு விழித்து, பசை சூழாத கொலாஜனைச் சிதைக்கின்றன. விளிம்பில் இடைவெளி விழுகிறது. கிருமிகள் புகுந்து மறுபடியும் சொத்தை தோன்றுகிறது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. ஜப்பானில் உருவான 10-எம்டிபி என்னும் மோனோமர், பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு கொண்டு நீரில் எளிதில் கரையாத உப்பாகிறது. அது இன்று பல பசைகளில் பயன்படுகிறது. எளிதில் அறுபடும் எஸ்டருக்குப் பதிலாக அமைடு பிணைப்பு கொண்ட மோனோமர்களையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர்.

இத்தகைய முயற்சிகளுக்கே முதலிடம் தரவேண்டும் என்கிறோம். ஒரே பூச்சில் வேலை முடியும் என்பது மருத்துவருக்கு வசதி. ஒட்டிய 24 மணி நேரத்தில் அளந்த வலிமை விளம்பரத்துக்கு அழகு. நோயாளிக்கு வேண்டியதோ ஆண்டுகள் கழித்தும் நிற்கும் பிடிப்பு. புதிய பசையை அந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். 2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் பாதரசக் கலவை அடைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. பசையின்றியே குழியில் நிற்கும் அந்த அடைப்பு விலக விலக, பசையின் பொறுப்பு கூடுகிறது.

நீடிக்கும் பசைக்கு விலை கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடலாம். ஆனால் அதே பல்லை மீண்டும் அடைக்க வரும்போது சிகிச்சைக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் போகின்றன; இழந்த பல்லோ திரும்புவதில்லை.

அதுவரை உங்களாலும் உதவ முடியும். பல்லைச் சுற்றி ரப்பர் திரை விரிக்கும்போது பொறுத்துக்கொள்ளுங்கள். எச்சில் பட்டால் பிடிப்பு குறையும். ஒளி காட்டும் நேரத்தில் அவசரப்படுத்தாதீர்கள். ஈரத்தைத் தடுக்க முடியாத குழிக்குக் கண்ணாடி அயனோமர் அடைப்பு பொருந்தும் என்று மருத்துவர் சொன்னால், நிறம் சற்று மாறுபடும் என்பதற்காக மறுக்காதீர்கள். அடைத்த பல்லுக்கு எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், மருத்துவர் குறித்த நாளில் வந்து காட்டுங்கள். விளிம்பில் விழும் சிறு இடைவெளியைத் தொடக்கத்திலேயே கண்டால், அடைப்பு முழுவதையும் பெயர்க்காமல் அவ்விடத்தை மட்டும் சீர்செய்ய முடிவதுண்டு.