சட்டம் பிறக்கும் சிறுமன்றங்கள்

அமெரிக்க அரசியல் என்றவுடன் வெள்ளை மாளிகையும் அங்கு வாழும் குடியரசுத் தலைவரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயின், அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் சட்டங்கள் பலவும் வாசிங்டனில் பிறப்பதில்லை. பள்ளிக் கல்வி, தேர்தல் விதிகள், தொழிற்சங்க உரிமை, ஏழையர்க்கான மருத்துவ உதவி ஆகியவற்றில் 50 மாநிலங்களின் சட்டமன்றங்களுக்கே பெரும் பங்கு உண்டு. அம்மன்றங்களில் 7,300-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். தம் தொகுதி உறுப்பினரின் பெயரையும் அறியாத வாக்காளர் பலர். எவரும் கண்ணெடுத்துப் பாராத இவ்விடத்திலேதான் பழைமைவாதிகள் தம் வலிமையை வளர்த்தனர். அதனை முற்போக்காளர் எங்ஙனம் எதிர்கொள்ள வேண்டும் என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

பழைமைவாதிகளின் வெற்றி ஒரே நாளில் விளைந்ததன்று. 'ஆலெக்' எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் அமைப்பு 1973-இல் தோன்றியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களையும் பெருநிறுவனங்களின் பேராளர்களையும் ஒருங்கே அமர்த்தி, மாதிரிச் சட்ட வரைவுகளை ஆக்கித் தருவது அதன் பணி. நியூ ஹாம்ப்சயர் மாநிலக் கீழவையில் 400 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களுக்கு ஆண்டு ஊதியம் 100 டாலர் மட்டுமே. தனி உதவியாளரும் ஆய்வாளரும் இல்லாத உறுப்பினர் ஒருவருக்கு, ஆயத்தமாகக் கைக்கு வரும் வரைவு எத்துணை உதவியாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்த படி 2010-இல் அமைந்தது. அமெரிக்காவில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின், தொகுதி எல்லைகளைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றங்களே வரைகின்றன. நம் நாட்டில் இப்பணி உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைமையிலான ஆணையத்திடம் ஒப்படைக்கப்படுவது. அங்கோ வேட்பாளரே தம் வாக்காளரைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும் விந்தை நிகழ்கிறது. இதனை உணர்ந்த குடியரசுக் கட்சியினர், 2010 தேர்தலில் ஏறத்தாழ 3 கோடி டாலரை மாநிலத் தொகுதிகளில் செலவிட்டுப் பல மன்றங்களைக் கைப்பற்றினர். பின்னர் எல்லைகளைத் தமக்கேற்ப வரைந்தனர். விளைவு யாது? விஸ்கான்சினில் 2018-இல் சனநாயகக் கட்சி கீழவைக்கான வாக்குகளில் ஏறத்தாழ 53 விழுக்காடு பெற்றது. ஆயினும் 99 இடங்களில் 63 இடங்கள் குடியரசுக் கட்சிக்கே சென்றன. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்நிலையை மாற்றும் வழிகள் இல்லாமற் போகவில்லை. முதலாவது, வெல்லும் வாய்ப்பு அரிது என்று விடப்பட்ட தொகுதிகளிலும் போட்டியிடுவது. வர்ஜீனியாவில் 2017-இல் சனநாயகக் கட்சி அங்ஙனம் முனைந்து 15 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. 94-ஆம் தொகுதியில் இருவரும் 11,608 வாக்குகள் பெற்றுச் சமநிலை எய்தினர். 2018 சனவரியில் திருவுளச் சீட்டெடுத்து முடிவு காணப்பட்டது. சீட்டு குடியரசுக் கட்சிக்குச் சாதகமாயிற்று. அவை 51-க்கு 49 என்று அமைந்தது. எனினும், நெடுநாள் தடுக்கப்பட்டு வந்த மெடிக்கெய்டு மருத்துவ உதவி விரிவாக்கம் அவ்வாண்டே நிறைவேறியது. ஒற்றை வாக்கின் அருமையை உணர்த்த இது போதும்.

இரண்டாவது வழி, மக்களிடமே நேரடியாகச் செல்வது. இடாகோ, நெப்ராசுகா, ஓக்லகோமா, மிசௌரி முதலிய பழைமைவாத மாநிலங்களிலும் மக்கள் வாக்கெடுப்பின் வழியே மெடிக்கெய்டு விரிவாக்கம் வென்றது. கட்சியின் பெயரால் வாக்களிக்க மறுத்தவரும் மருத்துவமனைக் கட்டணத்தின் பெயரால் வாக்களித்தனர். ஆனால் வாக்கெடுப்பு மட்டும் போதாது. புளோரிடாவில் தண்டனைக் காலம் முடித்தோர்க்கு வாக்குரிமை மீள வேண்டும் என்று 2018-இல் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 2019-இல் சட்டமன்றமோ, அபராதத் தொகைகளையும் செலுத்தி முடிக்க வேண்டும் என்று விதித்து அவ்வுரிமையைச் சுருக்கியது. மன்றத்தைக் கைவிட்டவர், மக்கள் தந்த வெற்றியையும் காக்க இயலாது.

ஆதலின் மூன்றாவது வழியே அடிப்படையானது: எல்லை வரையும் கோலைக் கட்சிகளின் கையினின்று அகற்றுவது. மிச்சிகனில் எளிய குடிமக்கள் தொடங்கிய இயக்கம், 2018 வாக்கெடுப்பின் வழியே 13 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்தை அமைத்தது. 2022-இல் சனநாயகக் கட்சி ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் இரு அவைகளையும் வென்றது. தொழிற்சங்கங்களை நலிவித்த 2012 சட்டத்தை 2023-இல் நீக்கியது. 2024-இல் அவ்வாணையம் வரைந்த எல்லைகளுக்குள் கீழவையை அது இழக்கவும் நேர்ந்தது. இதனைத் திட்டத்தின் தோல்வி என்பார் உளர்; நான் அதனை வெற்றி என்பேன். ஆள்வோரை மக்கள் மாற்ற முடிகிறது என்பதன்றோ மக்களாட்சியின் இலக்கணம்?

இங்கேதான் இக்காலச் சோதனை எழுகிறது. நாடாளுமன்றத் தொகுதிகளை 2025-இல் டெக்சசு சட்டமன்றம் தன் கட்சிக்குச் சாதகமாகத் திருத்தி வரைந்தது. அதற்கு விடையாகக் கலிபோர்னியா, அதே ஆண்டு நவம்பர் வாக்கெடுப்பின் வழியே, தன் தன்னாட்சி ஆணையத்தின் வரைவை 2030 வரை ஒதுக்கிவைத்தது. எதிரி வாளேந்தும்போது நாம் மட்டும் வெறுங்கையராய் நிற்பதோ என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. மக்களின் இசைவு பெற்றதும் காலவரையறை செய்ததும் மெச்சத்தக்கன. ஆயினும் தற்காலிகம் என்று தொடங்கியவை நிலைபெற்றுவிட்ட கதைகளை வரலாறு நிரம்ப அறியும். குறித்த ஆண்டில் அக்கோலை ஆணையத்திடம் திருப்பித் தருவார்களா என்பதைக் கொண்டே முற்போக்காளரின் நேர்மை அளக்கப்படும்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் முதுமொழி. பழைமைவாதிகள் அதனை 1973 முதல் செயலிற் காட்டினர். மாற்றம் விரும்பும் இளைஞர் அவர்தம் பொறுமையைக் கற்கலாம். எல்லைக் கோட்டை வளைக்கும் கலையைக் கற்க வேண்டா. தலைநகரின் பேரொளியை மட்டும் நோக்காது, தம் ஊரின் சிறுமன்றத்தில் எந்தச் சட்டம் எவர் கையால் எழுதப்படுகிறது என்று வினவும் பழக்கத்தை மாணவர் இன்றே மேற்கொள்வாராக.