மூளைக் கோளாறும் பிரம்மாவின் எழுத்தும்

ஒரு குழந்தைக்குப் புத்தி வளராவிட்டால் "பூர்வ ஜென்ம கர்மம்" என்கின்றான் புரோகிதன். "பெற்றவள் செய்த பாவம்" என்கின்றாள் மாமியார். பெற்ற தகப்பனை மாத்திரம் யாரும் கேட்பதில்லை!

1934-இல் நார்வே தேசத்து வைத்தியர் பாலிங் இப்படிப்பட்ட இரண்டு குழந்தைகளைச் சோதித்தார். அவர் பார்த்தது ஜாதகத்தையல்ல, மூத்திரத்தை! சோதனை மருந்து பட்டதும் அது பச்சையாயிற்று. காரணம் என்னவென்றால், பெற்றோர் வழி வரும் ஒரு ஜீனின் பழுதேயாகும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டும் பழுதாய் வந்து சேர்ந்தால், புரதத்திலுள்ள பினைல்அலனின் என்னும் பொருளைக் கல்லீரல் மாற்ற முடியாமல், அது இரத்தத்தில் பெருகி, வளரும் மூளையைக் கெடுக்கின்றது.

பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, பால் முதலியவற்றைக் குறைத்துத் தனி ஆகாரம் கொடுத்துவந்தால் புத்தி தப்புகின்றது. ஜீன் என்னவோ அப்படியேதான் இருக்கின்றது!

எல்லாம் ஒரு ஜீனால் வருவதன்று. மனச்சிதைவு போன்றவற்றில் பற்பல ஜீன்களும் வாழ்க்கை நிலையும் சேருகின்றன. ஆனால் எதிலும் சனீஸ்வரன் அகப்படவில்லை.

பிரம்மா எழுதியதென்கின்ற வைதீகர்களை ஒன்று கேட்கின்றோம்: கர்மத்திற்குப் பால் ஆகாதா?