உச்சி மூடியே இருக்கட்டும்

தென்கொரியாவின் ஜேஜு தீவுக்குப் போகிறவர்கள் பலரும் தென்மேற்குக் கரையிலுள்ள சான்பாங்சான் மலையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. உயரம் 395 மீட்டர்தான். சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், கெட்டியான எரிமலைக் குழம்பு வழிந்தோடாமல் வெளிவந்த இடத்திலேயே குவிந்து இறுகியதால் உருவான குவிமாட மலை இது. அதனால் உச்சியில் எரிமலை வாய் கிடையாது.

ஊர்க்கதை வேறு மாதிரி. வேடன் ஒருவனின் அம்பு தவறிப் பட்டதில் வானுலக அரசருக்குக் கோபம் வந்து, அதே தீவிலுள்ள ஹல்லா மலையின் உச்சியைப் பிய்த்து வீசினாராம். அது விழுந்த இடம்தான் சான்பாங்சான்.

கடலைப் பார்த்த பாறைச்சரிவில், படியேறிப் போனால் சான்பாங்குல்சா குகைக்கோயில். உள்ளே புத்தர் சிலை. கூரையிலிருந்து சொட்டும் நீர். அதை மலையின் காவல் தேவதை சான்பாங்தோக்கின் கண்ணீர் என்கிறார்கள்.

பொதுமக்கள் உச்சிக்கு ஏறத் தடை இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு அது வருத்தம்தான். ஆனாலும் அந்தத் தடை நியாயமானது. செங்குத்துப் பாறையில் ஒட்டி வளரும் அரிய செடிகள் கூட்டத்தின் காலடியைத் தாங்காது. பக்திக்கும் குகை போதும்.

அடிவாரத்து யோங்மோரி கரையை விட்டுவிடக் கூடாது. எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்த பாறை அது. 1653-இல் இந்தத் தீவில் கப்பல் உடைந்து ஒதுங்கிய டச்சுக்காரர் ஹென்ட்ரிக் ஹாமெலுக்கு அங்கே நினைவுச்சின்னம் உண்டு. ஓதம் ஏறினாலோ அலை பெருத்தாலோ பாதையை மூடிவிடுவார்கள். கடல்மட்டம் உயர உயர, நடக்கக் கிடைக்கும் நேரமும் சுருங்கிவருகிறது. போகிறவர்கள் ஓத நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மூடியிருந்தால் வேலியைத் தாண்டாதீர்கள்.